நாற்பது சென்டிமீட்டர் இருட்டு

பகல் நேரக் கடற்சண்டையை மேஜைமேல் தனியாக ஆடுவது அப்படியொன்றும் சிரமமில்லை. தொடுவானத்தில் புகை தெரிந்தால் எதிரி வருகிறான். அது இரு தரப்புக்கும் தெரியும். ஆடுகிறவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து, அந்தந்தத் தளபதிக்கு எது நல்லதோ அதைச் செய்துகொண்டு போகலாம். இரவுச் சண்டையில் இது எடுபடாது. அங்கே கப்பலும் பீரங்கியும் பிறகுதான். யாருக்கு எது தெரியாது என்பதே முதல் கணக்கு. தனியாக ஆடுகிறவருக்கோ தெரியாதது எதுவுமில்லை. எதிரிக் கப்பலை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்ததே அவர் கைதான். தானே ஒளிந்து தானே தேடும் கண்ணாமூச்சி அது.

பெரிய இடங்களில் இதற்கு ஆள் வைத்துச் சமாளித்தார்கள். அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்படைப் போர்க் கல்லூரியில் 1887இல் மெக்கார்ட்டி லிட்டில் போர் விளையாட்டைப் பாடமாகப் புகுத்தினார். பின்னாளில் அங்கே இரண்டு அணிகளையும் பிரித்து உட்கார வைத்து, நடுவர்கள்தான் யாருக்கு எது தெரிய வேண்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் இரண்டு பேர் ஆடினால் எதிரே இருப்பவரே தன் திட்டத்தை மறைத்துக்கொள்வார். தனி ஆட்டத்தில் நடுவரும் நான், எதிராளியும் நான். டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1973இல் தனி ஆட்டத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அன்றிலிருந்து இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் சீட்டு, பகடை, அட்டவணை என்று பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை எதிரி என்ன செய்வான் என்பதைத் தீர்மானிக்கும் வழிகள். இரவுச் சண்டைக்கு அது பாதிதான். எனக்கு எது தெரியக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் வழியும் வேண்டும்.

இதற்கு நான் திரும்பத் திரும்ப எடுத்து ஆடும் சண்டை தஸ்ஸாஃபரோங்கா. 1942 நவம்பர் 30, இரவு பதினொன்றுக்கு மேல், சாலமன் தீவுகளில் குவாடல்கனாலின் வடக்குக் கரை. கரையில் பட்டினி கிடந்த ஜப்பானியத் துருப்புகளுக்கு உணவு கொண்டுவந்தார் தனாகா ரைஸோ. அவரிடம் எட்டு டெஸ்ட்ராயர்கள். அவற்றில் ஆறின் மேல்தளம் முழுக்க இரும்பு டிரம்கள். ஒன்றோடொன்று கயிற்றில் கோத்து, கரையோரம் கடலில் உருட்டிவிட வேண்டும். கரையில் இருப்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். டிரம்களுக்கு இடம் வேண்டுமென்று அந்த ஆறு கப்பல்களும் மாற்று டார்பிடோக்களை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தன.

அவரை மறிக்கக் காத்திருந்தவர் அமெரிக்கத் தளபதி கார்ல்டன் ரைட். மினியாபோலிஸ், நியூ ஆர்லியன்ஸ், பென்சகோலா, ஹொனலூலு, நார்த்தாம்ப்டன் என்று ஐந்து குரூசர்கள். முன்னால் நான்கு டெஸ்ட்ராயர்கள், வாலில் அன்று மாலைதான் வந்து ஒட்டிக்கொண்ட இரண்டு. ரைட் அந்தப் படையைக் கையில் எடுத்து இரண்டே நாள் ஆகியிருந்தது. திட்டம் அவருக்கு முன்பிருந்த கிங்கேய்டுடையது. ரேடார் அமெரிக்கர்களிடம் இருந்தது, ஜப்பானியர்களிடம் இல்லை. எண்ணிக்கை, பீரங்கி, முதல் பார்வை எல்லாம் ரைட் பக்கம். ஆனாலும் விடிவதற்குள் நார்த்தாம்ப்டன் கடலடியில். மினியாபோலிஸ், நியூ ஆர்லியன்ஸ், பென்சகோலா மூன்றும் பல மாதங்களுக்கு எழுந்திருக்க முடியாத காயத்தில். 395 அமெரிக்கர்கள் இறந்துபோனார்கள். தனாகா இழந்தது தகனாமி என்ற ஒரே டெஸ்ட்ராயரை. டிரம்கள் மட்டும் கரை சேரவில்லை.

என் கப்பல்கள் 3000இல் ஒரு பங்கு அளவு. மினியாபோலிஸ் ஆறு சென்டிமீட்டர். ஜப்பானிய டெஸ்ட்ராயர் நான்கு. ஆனால் கடலின் அளவு வேறு: ஒரு சென்டிமீட்டருக்கு நூறு மீட்டர். ஆக, மேஜைமேல் இருக்கும் மினியாபோலிஸ் 600 மீட்டர் கடலை அடைத்துக்கொண்டு நிற்கிறது; நிஜக் கப்பலோ 180 மீட்டர்கூட இல்லை. இந்தப் பொய்யை எல்லாக் கடற்போர் விளையாட்டுக்காரர்களும் சகித்துக்கொள்கிறோம். தூரத்தை நடுப் பாய்மரத்திலிருந்து அளந்தால் போதும். வர்ணம் பூசுவதைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. இரவு ஆட்டத்துக்கு நன்றாக வர்ணம் பூசிய கப்பல் ஒரு இடைஞ்சல் என்பதைத் தவிர. எதிரியின் புகைபோக்கியில் உள்ள வெள்ளைக் கோடுவரை எனக்குத் தெரிகிறதே!

அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்து ஆடுகிறவர்கள் உண்டு. படம் எடுக்க நன்றாக இருக்கும். இருட்டு அறையில் முட்டியை மேஜைக்காலில் இடித்துக்கொள்வதைத் தவிர அதனால் தளபதியின் குழப்பம் ஒன்றும் வராது. இருட்டு தகவலில் இருக்க வேண்டும், அறையில் இல்லை.

அதனால் தொடக்கத்தில் ஜப்பானியக் கப்பல் ஒன்றுகூட மேஜைக்கு வராது. கறுப்புச் சட்டைப் பொத்தான்கள்தான் வரும். அடிப்புறத்தில் எண் ஒட்டி, குலுக்கி, கரையோரமாக வைப்பேன். கப்பல்கள் எட்டு, பொத்தான்கள் பதினான்கு. மிச்சம் ஆறும் வெறும் எதிரொலி. இது ஆட்டச் சுவைக்காகச் சேர்த்தது இல்லை. கரையை ஒட்டிப் போகும் கப்பலின் ரேடார் எதிரொலி நிலத்தின் எதிரொலியோடு கலந்துவிடும். அன்றிரவு மோரி என்ற அமெரிக்க டெஸ்ட்ராயர் தன் பழைய ரகத் திரையில் குறி எதையும் பிரித்தெடுக்க முடியாமல் டார்பிடோவே ஏவாமல் போனது அதனால்தான். பொத்தானைப் புரட்டிப் பார்க்கும் உரிமை தூரத்தையும் ரேடாரின் ரகத்தையும் பொறுத்த பகடைக்கு உண்டு, எனக்கு இல்லை.

இடத்தை மறைப்பது இப்படி எளிதாகவே முடிந்துவிடுகிறது. நேரத்தை மறைப்பதுதான் இந்தச் சண்டையின் உயிர்.

நடந்தது இது: முன்னணியில் இருந்த ஃப்ளெட்சரின் ரேடாரில் எதிரி இடப்பக்க முன்புறம் தெளிவாகத் தெரிந்தது. 23:16க்கு அதன் தளபதி வில்லியம் கோல், டார்பிடோ ஏவ அனுமதி கேட்டார். தூரம் அதிகமோ என்று ரைட்டுக்குச் சந்தேகம். கேள்வி, பதில், மறுபடி கேள்வி. அனுமதி வந்தபோது 23:20. படிக்கும்போது நான்கு நிமிடம் பெரிய விஷயமாகத் தோன்றுவதில்லை. அதிகாரி ஒருவர் கொஞ்சம் தயங்கினார், அவ்வளவுதான் என்று தாண்டிப் போய்விடுவோம். மேஜையில் அதை அளந்து பார்க்கலாம். அமெரிக்கர்கள் 20 நாட் வேகத்தில் மேற்கே போகிறார்கள். ஜப்பானியர்கள் 12 நாட்டில் எதிர்த்திசையில் வருகிறார்கள். சேர்த்தால் 32 நாட். நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். நான்கு நிமிடத்தில் நான்கு கிலோமீட்டர். என் துணிக்கடலில் நாற்பது சென்டிமீட்டர். 23:16இல் ஃப்ளெட்சருக்கு முன்னால், தன்னை நோக்கி வந்துகொண்டிருந்த எதிரி, 23:20இல் பக்கவாட்டைக் கடந்து பின்னால் நழுவிக்கொண்டிருக்கிறான். முன்னாலிருந்து வரும் கப்பல் டார்பிடோவை நோக்கித் தானே வரும். கடந்துபோகும் கப்பலை டார்பிடோ துரத்த வேண்டும். அளவுகோலை அந்த நாற்பது சென்டிமீட்டர்மேல் வைத்தபோதுதான் வரலாற்றாசிரியர்கள் ஏன் அந்த உரையாடலையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

ஆனால் எனக்குக் கதை தெரியுமே. கோல் கேட்டதும் “ஏவு” என்று சொல்லிவிடுவேனே. அதைத் தடுக்க ஃப்ளெட்சர் பிராட்டின் பழைய ஆட்டத்திலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். (கதாசிரியர் பிராட்டுக்கும் கப்பல் ஃப்ளெட்சருக்கும் சம்பந்தமில்லை.) நியூயார்க்கில் அவரும் நண்பர்களும் அறைத் தரையில் படுத்து, அளவுகோல் இல்லாமல் கண்ணாலேயே தூரத்தை ஊகித்துச் சுடுவார்கள். நானும் மேஜை விளிம்புக்குக் கண்ணை இறக்கி, ரைட் இருக்கும் மினியாபோலிஸுக்குப் பின்னாலிருந்து அந்தப் பொத்தானின் தூரத்தை எழுதி வைக்கிறேன். பிறகு அளக்கிறேன். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தவறினால் ஒரு சுற்று போய்விட்டது. ஒரு சுற்று மூன்று நிமிடம். கொடிக்கப்பலில் இருப்பவருக்கும் முன்னால் இருப்பவருக்கும் ஒரே படம் தெரியாது என்பதை இந்த விதி எந்த விளக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. வாலில் ஒட்டிய லாம்சனும் லார்ட்னரும் திட்டத்தின் பிரதியே இல்லாமல் வந்தவை. அவற்றுக்கு என் ஆட்டத்தில் ஒரே உத்தரவு: முன்னால் போகும் கப்பலைப் பின்தொடர்.

தனாகாவை ஓட்டுவது நான் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. காரணம் அவருடைய கடற்படையின் பயிற்சி. இரவில் எதிரியைக் கண்டால் முதலில் டார்பிடோ. பீரங்கியைச் சுட்டு இடத்தைக் காட்டிக்கொடுக்காதே. ஏவியதும் திரும்பி விலகு. இந்த மூன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதிவிட்டால் ஜப்பானியத் தரப்பில் முக்கால் பங்கு முடிந்தது. டிரம் சுமந்த ஆறும் அதை விட்டுவிட்டுச் சண்டைக்கு மாற ஆளுக்கொரு பகடை. மனநிலையைப் பகடையில் எழுதுவது கடினம், பழக்கத்தை எழுதலாம். இதே காரணத்தால்தான் நான் எப்போதும் ரைட்டாக உட்காருகிறேன். மாற்றி ஆடிப் பார்த்ததில் அட்டவணை ஓட்டும் ரைட் உயிரில்லாமல் இருந்தார். தயக்கத்தை அட்டவணைக்குக் கொடுத்தால் அது வெறும் தாமதமாகிவிடுகிறது. மனிதர் தயங்க வேண்டிய நாற்காலியில் மனிதர்தான் இருக்க வேண்டும்.

சுடத் தொடங்கியதும் இன்னொரு விதி. உத்தரவு போய்ச் சேராத குரூசர் எதுவும் மிக அருகில் தெரியும் இலக்கைத்தான் சுடும். அன்று அப்படித்தான் நடந்தது. காவலுக்காகக் கடல்பக்கம் தள்ளி வந்த தகனாமி ரேடார் திரைகளில் பெரிதாகத் தெரிந்தது. பெரும்பாலோர் அதையே அடித்தார்கள். மற்றவை அந்த அவகாசத்தில் அமெரிக்கப் பீரங்கிகளின் வாய்நெருப்பைக் குறிவைத்தன. என் மேஜையிலும் பெரும்பாலும் தகனாமி அப்படித்தான் சாகிறது. அதைச் சாகடிக்கும் விதி எதையும் நான் எழுதவில்லை.

எரியும் கப்பலுக்கு ஆரஞ்சு மை தொட்ட பஞ்சு. அதற்கும் எதிரிக்கும் நடுவே ஒரு நூலைப் பிடிப்பேன். நூல் தொடும் கப்பல் இரண்டு மடங்கு தூரத்திலிருந்தும் தெரியும். ஹொனலூலு வலப்பக்கம் திரும்பி, எரிந்துகொண்டிருந்த தோழர்களுக்குப் பின்னால் மறைந்து தப்பியது. பென்சகோலா இடப்பக்கம் திரும்பி, நெருப்புக்கும் எதிரிக்கும் நடுவே போனது. அந்தத் திருப்பம் எவ்வளவு இயல்பானது என்பது ஆடும்போது தெரிகிறது. முன்னால் இரண்டு கப்பல்கள் அடிபட்டு வழியை அடைத்து நிற்கின்றன. மோதாமல் தப்பினால் போதும் என்று கை தானாக நகர்கிறது. நூல் அப்புறம்தான் நினைவுக்கு வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் இந்தப் பொழுதுபோக்கில் ஏதோ ஒரு வடிவில் புழங்குபவைதான். என்னை உறுத்திக்கொண்டே இருந்தது வேறு. இடத்தைப் பொத்தானால் மறைக்கலாம், நேரத்தைக் கண் ஊகத்தால் மறைக்கலாம். ஜப்பானிய டார்பிடோ என்ன செய்யும் என்பதை எதை வைத்து மறைப்பது? அது எனக்குத் தெரியும், ரைட்டுக்குத் தெரியாது. 93ஆம் ரக டார்பிடோ சுத்த ஆக்சிஜனில் ஓடுவது. 61 சென்டிமீட்டர் விட்டம், 490 கிலோ வெடிமருந்து, 48 நாட் வேகத்தில் 20 கிலோமீட்டர். அமெரிக்க மார்க் 15 கிட்டத்தட்ட அந்த வேகத்தில் ஓடினால் ஐந்தரைக் கிலோமீட்டரில் நின்றுவிடும். தூரம் போக வேண்டுமானால் 26 நாட்டுக்குச் சற்று மேல்தான் ஓட முடியும். எதிரியிடமும் ஏறக்குறைய இப்படி ஒன்றுதான் இருக்கும் என்று நம்பித்தான் ரைட் நேர்வரிசையில் போய்க்கொண்டே சுட்டார். அடிபட்ட பிறகும் நம்பினார். எதிரியின் மேற்பரப்புக் கப்பல்கள் அவ்வளவு தூரத்திலிருந்து அடித்திருக்க முடியாது என்றே அவருடைய அறிக்கை போகிறது. தன் டார்பிடோவைப் பற்றியும் அவருக்குச் சரியாகத் தெரியாது. அன்று அமெரிக்கர்கள் ஏவியது இருபது: ஃப்ளெட்சர் பத்து, பெர்கின்ஸ் எட்டு, டிரேட்டன் இரண்டு. ஒன்றும் படவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க டார்பிடோ குறித்த ஆழத்துக்குக் கீழே ஓடியது. வெடிக்கும் பொறியும் நம்பத் தகுந்ததாக இல்லை.

இதைத் தெரிந்துகொண்டே ஆடினால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் அனுபவம். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையை வளைப்பேன். எல்லாக் குரூசரும் தப்பும். “ரைட்டைவிட நான் மேல்” என்று படுக்கப் போகலாம். அதில் என்ன இருக்கிறது?

கடைசியில் நான் பிடித்த வழி கவர்கள். ஆட்டத்துக்கு முன் சில கவர்களைக் குலுக்கி இரண்டை எடுத்து வைக்கிறேன். ஒன்றில் எதிரி டார்பிடோவின் வேகம்: 48 நாட்டாக இருக்கலாம், 27 ஆகவும் இருக்கலாம். இன்னொன்றில் என் டார்பிடோ வேலை செய்யுமா என்பது. திறப்பது முதல் டார்பிடோ போய்ச் சேர வேண்டிய நேரத்தில்தான். எதிரி ஏவும் ஒவ்வொரு சுற்றிலும் என் எல்லாக் குரூசர்களின் அடியிலும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைக்கிறேன். பெரும்பாலானவை வெற்றுச் சீட்டுகள். ஒன்பது கிலோமீட்டர் தூரத்தை 48 நாட் டார்பிடோ ஆறு நிமிடத்தில் கடக்கும், இரண்டு சுற்று. 27 நாட்டுக்குப் பதினொரு நிமிடம், நான்கு சுற்று. அதற்குள் கப்பல் முப்பது டிகிரி திரும்பியிருந்தால் சீட்டு செல்லாது. திரும்பினாலோ பீரங்கியின் குறி கலைந்துவிடும்; ஒரு சுற்று சுட முடியாது. எத்தனை நிமிடம் நேராகப் போகலாம்? அன்றிரவு முழுக்க ரைட்டின் முன்னால் இருந்த கேள்வி இதுதான்; அவர் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. மினியாபோலிஸ் 23:21க்குச் சுடத் தொடங்கியது. 23:27க்கு அதில் இரண்டு டார்பிடோக்கள் பாய்ந்தன. ஆறு நிமிடம்.

கவர் வந்தபிறகு என் கை மாறிவிட்டது. ஒரு ஆட்டத்தில் தகனாமி நன்றாக எரிகிறது, அடுத்து தனாகாவின் கொடிக்கப்பலான நகனாமி தெரியத் தொடங்குகிறது, இன்னும் ஒரு சுற்று நேராகப் போனால் அதையும் முடித்துவிடலாம். சீட்டுகள் கப்பலடியில் இருக்கின்றன. வேகம் எதுவென்று தெரியாது. நேராகவே போனேன். கவரைத் திறந்தால் 27 நாட். ஒன்றும் ஆகவில்லை, நகனாமியும் போனது, வரிசையை வளைத்துச் சுலபமாக வெளியே வந்தேன். இன்னொரு முறை இதே நிலை, இதே முடிவு. கவரில் 48. நியூ ஆர்லியன்ஸுக்குக் கீழிருந்த சீட்டு வெற்று இல்லை. நிஜத்திலும் அந்தக் கப்பலுக்கு அடி பட்டு, இரண்டாம் பீரங்கிக் கூண்டுக்கு முன்னால் இருந்த அணியம் முழுவதும் பிய்ந்து போனது; பிய்ந்த துண்டை 2025இல்தான் கடலடியில் கண்டுபிடித்தார்கள். இரண்டு ஆட்டத்திலும் நான் எடுத்த முடிவு ஒன்றுதான். ஒன்றில் துணிச்சலான தளபதி, மற்றதில் பொறுப்பில்லாதவர்.

சண்டைக்குப் பின் ரைட்டின் மேலதிகாரி ஹால்சி குறைசொன்னது கோலைத்தான்: அதிக தூரத்திலிருந்து ஏவிவிட்டார் என்று. ரைட்டுக்கு நேவி கிராஸ் பதக்கம் கிடைத்தது. அனுமதி உடனே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் ஆடிப் பார்க்காமல் விடவில்லை. டார்பிடோ வேலை செய்யாத கவர் வந்தால் அந்த நாற்பது சென்டிமீட்டருக்கு மதிப்பே இல்லை. நல்ல கோணத்தில் ஏவிய இருபதும் கப்பல்களுக்கு அடியால் ஓடி மறைகின்றன. நான்கு நிமிடத்தைப் பற்றிப் புத்தகங்கள் செய்யும் ஆரவாரத்தில் பாதி, டார்பிடோ தொழிற்சாலையின்மேல் விழ வேண்டியது என்பது என் கட்சி.

கவர் முறைக்கு எதிர்ப்பும் கேட்டிருக்கிறேன். 93ஆம் ரகத்துக்கு 27 நாட் என்பது வரலாற்றுக்குப் பொய். அப்படி ஆடுவது தஸ்ஸாஃபரோங்காவே இல்லை என்பார்கள். எஃகின் கணக்குப்படி அது சரி. ஆனால் மினியாபோலிஸின் மேல்தளத்தில் அன்றிரவு நின்றவர்களுக்கு அந்த 48 நாட் இல்லவே இல்லை; அது அவர்களுடைய வரலாற்றில் 23:27க்குத்தான் நுழைகிறது. தளபதியின் நாற்காலியில் உட்கார்ந்து ஆடும் ஆட்டம் எஃகுக்கு உண்மையாக இருப்பதைவிட அந்த நாற்காலிக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கப்பல் வடிவமைப்பை ஒப்பிட ஆடுகிறவர்கள் கவரைத் தூக்கி எறிந்துவிடலாம். அவர்களுக்கு அது தேவையில்லை.

இப்போது மேஜையில் வேலா வளைகுடாச் சண்டைக்கான ஏற்பாடு நடக்கிறது. 1943 ஆகஸ்ட் 6 இரவு. மூஸ்ப்ரூகரின் ஆறு அமெரிக்க டெஸ்ட்ராயர்கள், நான்கு ஜப்பானிய டெஸ்ட்ராயர்கள். தஸ்ஸாஃபரோங்காவில் ஏவ முடியாமல் நின்ற மோரி இதிலும் உண்டு. அங்கே தப்பிய கவகாஸேயும் உண்டு. இம்முறை டெஸ்ட்ராயர்கள் குரூசருக்குக் கட்டுப்பட்டவை இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, டார்பிடோக்களும் சரிசெய்யப்பட்டிருந்தன. முதலில் டார்பிடோ, அது போய்ச் சேரும்வரை பீரங்கி பேசாது. ஹகிகாஸே, அராஷி, கவகாஸே மூன்றும் மூழ்கின. பழக்கம் இப்போது அமெரிக்கர்கள் பக்கம், அதனால் அட்டவணை அவர்களுக்கு, நாற்காலி ஜப்பானியர்களுக்கு. சிக்கல் என்னவென்றால், அந்த நாற்காலியில் இருப்பவருக்குத் தாக்குதல் வந்து விழும்வரை மேஜையில் ஒரு பொத்தான்கூடத் தெரியாது, செய்வதற்கும் ஒன்றுமிருக்காது. ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியுமா? இப்போதைக்கு, வரிசையில் பின்தங்கி வந்து தப்பிய ஒரே கப்பலான ஷிகுரேயை மட்டும் என் கையில் வைத்துக்கொண்டு, அதன் தளபதி ஹரா தமேயிச்சியின் இடத்திலிருந்து தொடங்குவதாக இருக்கிறேன். முன்னால் போகும் கப்பலிலிருந்து எவ்வளவு பின்தங்கலாம் என்ற ஒரே முடிவுதான் அவருக்கு முதல் சில சுற்றுகளில். அதற்கு என்ன பகடை போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.